தனிமைப்படுத்திக்கொண்டோரும் தனிமைப்படுத்தப்பட்டோரும்

நீண்ட பதிவு. கருத்தரங்குகளுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பும் ஆய்வு மாணவர்களும், அவற்றைத் தெரிவுசெய்யும் பேராசிரியர்களும் இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற வாரம் ஒரே நாளில் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது ஒரு கருத்தரங்க அறிவிப்பு. பெருந்தொற்றுக் காலத் தனிமையும் மொழியும் குறித்துக் கட்டுரைகள் கேட்டிருந்தார்கள். பெருந்தொற்று நம் அனைவரையும் ஒரே தனிமைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது, நெடுநாள் நோயாளியின் உலகம் எத்தகையது என்பதை நலமுள்ளோரும் அதன்வழி உணர்ந்தனர் என்ற பொருளில் அதன் முன்னுரை அமைந்திருந்தது. இரண்டாவது, ஆய்வுத் தோழி ஒருவர் அனுப்பிய கடித நகல். அவர் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெற்றுவருபவர். தம் ஆய்வு முன்னேற்றக் கருத்தரங்கை இணையவழியில் நிகழ்த்த அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார். விதிகளில் அதற்கு இடமில்லை, நேரில் வரவேண்டும் என்று ஒன்றரை வரியில் பதில் வந்திருக்கிறது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அது அந்த ஒரு நிறுவனத்தின் குறையாகச் சுருங்கிவிடும்; மற்றவர்கள் நிம்மதியாக உறங்கப் போய்விடுவார்கள்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசித்தபோது எழுந்த சினத்தில் எழுதுகிறேன். சினம் ஆய்வுமொழிக்கு உகந்ததன்று என்பார்கள். இருக்கட்டும்.

'நாம் அனைவரும் தனிமையை அனுபவித்தோம்' என்னும் கூற்று நடந்ததற்கு மாறானது என்பது என் முதல் வாதம். அக்கூற்று இன்று ஒரு கதவடைப்பாகப் பயன்படுகிறது என்பது இரண்டாவது. எல்லாரும் அறிந்துவிட்ட ஒன்றைப் பற்றி ஒருவர் தனியே விண்ணப்பிக்க என்ன இருக்கிறது? எல்லாரும் கடந்து வந்துவிட்ட ஒன்றில் இன்னும் நிற்பவர் தாமே பின்தங்கியவர் ஆகிறார்.

இதைப் பேச எனக்குள்ள தகுதியைச் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரியில், மொழியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்று உறுதியாயிற்று. அப்போது வயது 23. ஏபிவிடி எனப்படும் நான்கு மருந்துகளின் கூட்டு, இரு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 12 முறை. முதல் முறை மார்ச் 12. இரண்டாம் முறை மார்ச் 26. நாடு தழுவிய ஊரடங்கு மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்டு, நான்கு மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்தது என்பதை இளைய மாணவர்களுக்காக நினைவூட்டுகிறேன்.

சான்பாடாவிலிருந்து பரேல் செல்ல, ஹார்பர் லைனில் குர்லா வரை போய் அங்கே சென்ட்ரல் லைனுக்கு மாறவேண்டும். மார்ச் 22 நள்ளிரவோடு லோக்கல்கள் நின்றுவிட்டன. எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் சான்பாடா கார்ஷெட்டில் அவை வரிசையாக நிற்பது தெரியும். மும்பையில் பிறந்து வளர்ந்த நான் அத்தனை லோக்கல்கள் ஒருசேர அசையாமல் நின்று பார்த்ததில்லை. 26ஆம் தேதி விடியற்காலை, கீழ்வீட்டு அண்ணாச்சி தம் பால் டெம்போவில் அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். முன்கண்ணாடியில் மராத்தியில் 'அத்யாவஷ்யக் சேவா' என்று அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. வாசி சுங்கச்சாவடியில் காவலர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வண்டியை விட்டார். அம்மா நீட்டிய மருத்துவமனைக் கோப்பை அவர் திறக்கவே இல்லை. பால் அத்தியாவசியம். அந்தப் பாலின் தயவில் நான் பரேல் போய்ச் சேர்ந்தேன்.

இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. 'அத்தியாவசியம்' என்னும் சொல் அவ்வாண்டு முழுதும் இப்படித்தான் இயங்கிற்று. ஜூன் 15 அன்று லோக்கல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, அரசு வரையறுத்த அத்தியாவசியப் பணியாளர் மட்டுமே ஏறலாம் என்றார்கள். மருத்துவர் அத்தியாவசியம், செவிலியர் அத்தியாவசியம், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் அத்தியாவசியம், முற்றிலும் நியாயம். இவர்கள் யாருக்குச் சிகிச்சை அளிக்கப் போகிறார்களோ அவர் அன்றைய பட்டியலில் இல்லை.

வீட்டிலிரு என்றார்கள். என் அப்பா வாசி ஏபிஎம்சி சந்தையில் தானிய மண்டி ஒன்றில் கணக்கெழுதுபவர். நகரத்துக்கு அரிசி பருப்பு போகவேண்டுமானால் சந்தை நடக்கவேண்டும். சந்தை நடந்தால் அப்பா போகவேண்டும். அப்பா போனால் தொற்றோடு திரும்பக்கூடும். கீமோ ஏறிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்நாள்களில் சாதாரணச் சளியே ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தில் அப்பா ஒரு போர்வையும் இரண்டு சட்டையும் எடுத்துக்கொண்டு மண்டியின் மாடிக்குக் குடிபோனார். தொற்று பரவியதால் மே 11 முதல் 17 வரை சந்தையையே மூடியபோதும் அவர் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் எதைக் கொண்டுவருவோமோ என்ற அச்சம். ஆகஸ்ட் 13 அன்று எனக்குக் கடைசி முறை மருந்து ஏறிய பிறகும் மூன்று வாரம் கழித்தே வந்தார். ஐந்து மாதம். அவர் மண்டி எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு.

எங்கள் வீட்டில் தனிமை ஒன்றா, மூன்றா? நான் ஓர் அறையில், அம்மா கூடத்தில், அப்பா மண்டியில். கருத்தரங்க முன்னுரை சொல்லும் 'ஒரே தனிமை' இதில் எது?

இங்கே நான் கற்ற துறையைக் கொஞ்சம் துணைக்கு அழைக்கிறேன். அவ்வாண்டின் தமிழ்ச் செய்திகளில் 'தனிமைப்படுத்து' என்னும் வினை எப்படியெல்லாம் வந்தது என்று நினைவுகூருங்கள். அமைச்சரும் நடிகரும் கிரிக்கெட் வீரரும் தங்களைத் 'தனிமைப்படுத்திக்கொண்டார்கள்'. ஊர் திரும்பிய தொழிலாளர்களும் குடிசைப்பகுதி மக்களும் 'தனிமைப்படுத்தப்பட்டார்கள்'. 'கொள்' என்னும் துணைவினை செய்பவரையே பயனடைபவராக்குகிறது; அவருக்கு விருப்பமும் அறிவும் பொறுப்பும் உண்டு என்று குறிப்பால் உணர்த்துகிறது. 'படு' வந்தால் எழுவாய் வெறும் செயப்படுபொருள். செய்தவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. ஒரே வேர், ஒரு துணைவினையில் வர்க்கம் பிரிந்துவிடுகிறது.

தாராவியில் இருக்கும் என் தாய்மாமா இரண்டாம் வகை. ஏறக்குறைய இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர் வாழும் இடம் அது. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் தொற்று உறுதியானது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், பொதுக் கழிப்பறை. அங்கே 'கொள்' சாத்தியமில்லை. மாமாவை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் 14 நாள் வைத்தார்கள். ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நல்லது. மாமாவிடம் அதைச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது என்றார், அவ்வளவே.

புற்றுநோயாளிக்கு இவ்விரண்டு வடிவமும் பொருந்தவில்லை. எங்களை ஒருவரும் பிடித்துக்கொண்டுபோய் அடைக்கவில்லை. நாங்களாக விரும்பியும் ஒதுங்கவில்லை. 'தனிமைப்பட்டார்' என்று ஒரு தன்வினை வடிவம் இருக்கிறது. செய்தித்தாளில் அதை நான் அப்போது ஒருமுறையும் கண்டதில்லை.

இன்னொரு சொல், 'இணைநோய்'. தமிழ்நாட்டு அரசின் அன்றாட அறிக்கைகளில் இறந்தோரை இணைநோய் உள்ளோர், இல்லாதோர் என்று பிரித்துக் காட்டினார்கள். மருத்துவக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. வாசித்தவர்கள் அதை எப்படி வாசித்தார்கள் என்பதே என் கேள்வி. 'அவருக்கு ஏற்கெனவே கேன்சராம்' என்று கேட்டதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு வரும். அதில் துயரத்தைவிட ஆறுதல் அதிகம். அந்த மரணத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது, நமக்கு அது நேராது என்ற ஆறுதல். தலைச்சொல்லாக இருந்த புற்றுநோய் அடைமொழியாயிற்று. அடைமொழி வந்த பிறகு அந்த ஆள் கணக்கிலிருந்து பாதி கழிந்துபோனார்.

இதில் கசப்பான பகுதி பின்னால் வருகிறது. 2021 மார்ச் 1 அன்று பொதுமக்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது 60 வயதைக் கடந்தோருக்கும், இணைநோய் உள்ள 45 முதல் 59 வயதினருக்கும் முன்னுரிமை தந்தார்கள். இணைநோய்ப் பட்டியலில் புற்றுநோயும் இருந்தது. ஆனால் 45 வயதுக்குக் கீழிருந்தால் இல்லை. ஏப்ரலில் 45 கடந்த நலமுள்ள அனைவருக்கும் திறந்தார்கள். 18 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு மே 1 அன்றுதான் வாய்ப்பு வந்தது. அப்போது இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. அதாவது, இருபதுகளில் இருக்கும் ஒரு ரத்தப் புற்றுநோயாளி இறந்தால் 'இணைநோய் உள்ளவர்'. உயிரோடு வரிசையில் நின்றால் வெறும் இளைஞர். ஒரே சொல் இறப்புப் பத்தியில் எங்களைச் சேர்த்துக்கொண்டது, ஊசிப் பத்தியில் விட்டுவிட்டது. சொற்பொருளியல் வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

எண்களைச் சொல்லாமல் பேசுகிறேன் என்று யாரும் குறைகூற வேண்டாம். தேசியப் புற்றுநோய்த் தொகுப்பைச் சேர்ந்த 41 மருத்துவமனைகளின் தரவை டாடா நினைவு மருத்துவமனை ஆய்வாளர்களும் பிறரும் தொகுத்து 2021இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளியிட்டார்கள். 2019 மார்ச் முதல் மே வரை அங்கெல்லாம் புதிதாகப் பதிவு செய்தவர்கள் 1,12,270 பேர். 2020இன் அதே மூன்று மாதங்களில் 51,760. பாதிக்கும் மேல் குறைவு. பெரிய அறுவைச் சிகிச்சைகள் 17,120இலிருந்து 8,677 ஆயின. புற்றுநோய் அந்த மூன்று மாதம் விடுப்பில் போகவில்லை. வராமற்போன அறுபதாயிரம் பேர் எங்கோ வீட்டில், கட்டியைத் தடவிப் பார்த்தபடி, ரயில் விடும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். அறுவைச் சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்புக்கான இடர் 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது என்று அவ்வாண்டு நவம்பரில் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. இந்தத் தாமத மரணங்கள் எந்த அறிக்கையிலும் கொரோனா மரணங்களாகப் பதிவாகா.

மாறாக நடந்ததும் உண்டு. 1941 முதல் பரேலில் இயங்கும் டாடா நினைவு மருத்துவமனை அவ்வேளையில் மூடிக்கொள்ளவில்லை. சிகிச்சையைத் தொடர்வதென்ற முடிவை அதன் மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிப்படையாகவே எழுதினார்கள். ஊரடங்கின் முதல் வாரங்களில் அங்கே நடந்த 494 திட்டமிட்ட அறுவைகளில் ஒரு மரணமும் நேரவில்லை. ஒத்திவைக்கத்தக்க அறுவைகளை ஒத்திவையுங்கள் என்று நாடெங்கும் அறிவுறுத்தப்பட்ட நேரம் அது. 'திட்டமிட்ட' என்பதை 'தேவையற்ற' என்று வாசிக்கலாகாது என்பதை ஒரு நிறுவனம் செயலில் காட்டியது. அதே மருத்துவமனையின் வெளிநடைபாதையில், ஹிந்துமாதா மேம்பாலத்துக்குக் கீழே, உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஊர் திரும்ப முடியாத நோயாளிகள் பிளாஸ்டிக் விரிப்பில் படுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். என் கையில் ஊசி ஏறிய நாள்களில் டெம்போவின் சன்னல்வழி அவர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். நான் சொல்லும் தனிமைக்கு ஒரு கூரை இருந்தது.

ஜூன் 13 இரவு எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள். வெப்பமானி 100.8 காட்டிற்று. கீமோ எடுப்பவருக்கு 100.4ஐத் தாண்டினால் அவசரநிலை. சில மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ரத்தத்தில் ஏறவேண்டும். ஆனால் அந்த ஜூனில் காய்ச்சல் வேறொரு நோயின் தனியுடைமை ஆகியிருந்தது. அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் வாசலில், கொரோனா இல்லையென்ற சான்று இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். சான்று கிடைக்க இரண்டு நாளாகும். 'இரண்டு நாள் இருக்க மாட்டாய்யா' என்று அம்மா தமிழில் கத்தினாள். வாசலில் நின்றவருக்குத் தமிழ் தெரியாது, ஆயினும் ஒதுங்கி நின்றார். மூன்றாவது இடத்தில், நள்ளிரவுக்குப் பிறகு, பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒருவர் வாகன நிறுத்தத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து முதல் ஊசியைப் போட்டார். அன்று முதல் 'காய்ச்சல்' என்னும் சொல்லை ஒற்றைப் பொருளில் எழுதும் கட்டுரைகளை என்னால் வாசிக்க முடிவதில்லை.

இனி நான் முக்கியமெனக் கருதுவதற்கு வருகிறேன். எங்கள் தனிமையும் உங்கள் தனிமையும் ஒன்றல்ல என்பதோடு நில்லாமல், அவை எதிரெதிர்த் திசையில் ஓடின. தெருக்கள் வெறிச்சோடிய ஏப்ரல், மே மாதங்களில், சொன்னால் நம்பமாட்டீர்கள், உலகம் எங்களுக்குச் சற்றே பாதுகாப்பாக இருந்தது. எல்லாரும் முகக்கவசம் அணிந்தார்கள், எல்லாரும் தள்ளி நின்றார்கள், எல்லாரும் கை கழுவினார்கள். வகுப்பு திரை வழியே நடந்தது. கொட்டிப்போன தலைமுடியைக் கேமராவை அணைத்து மறைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். என் கல்வி வாழ்வில் நான் யாரோடும் சமமாக இருந்த ஒரே பருவம் அதுதான். உங்களுக்குத் திறப்பு தொடங்கியபோது எங்களுக்கு அடைப்பு தொடங்கியது. 2022 ஏப்ரல் 2, குடிபாட்வா அன்று, மகாராஷ்டிரத்தில் எல்லாக் கட்டுப்பாடுகளும் நீங்கின. எதிர்வீட்டில் குடி ஏற்றி இனிப்பு வழங்கினார்கள். அன்று கீமோவில் இருந்த ஒருவருக்கு அந்த நாள் என்ன பொருள் தந்தது என்று எந்தக் கருத்தரங்கும் கேட்கவில்லை.

தோழியின் கடிதத்துக்குத் திரும்புகிறேன். 2020 ஏப்ரல் 29 அன்று பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதலில், முனைவர்பட்ட வாய்மொழித் தேர்வைக் காணொலி வழியே நடத்தலாம் என்றும், ஆய்வு மாணவர்களுக்கு ஆறு மாத நீட்டிப்பு என்றும் இருந்தது. ஊரடங்கு தொடங்கி ஐந்தே வாரம். ஐந்து வாரத்தில் இந்த நாட்டின் உயர்கல்வி, தான் நூறாண்டாக மாற்றமுடியாதெனச் சொல்லிவந்ததை மாற்றிக்கொண்டது. பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா? அவ்வாண்டு திரைவழி வாய்மொழித் தேர்வு முடித்து இன்று பேராசிரியராக இருப்பவர்கள் இப்பதிவையும் வாசிக்கிறார்கள், அவர்களே சொல்லட்டும்.

2022 நவம்பரில் வந்த முனைவர்பட்ட ஒழுங்குமுறைகளில் பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனமுற்றோருக்கும் கூடுதலாக இரண்டாண்டு தளர்வு உண்டு. மகப்பேற்று விடுப்பு 240 நாள் வரை உண்டு. தேவையான, போராடிப் பெற்ற உரிமைகள். கீமோ எடுப்பவருக்கு அதில் தனி இடமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா உண்டு, ஹீமோபீலியா உண்டு. புற்றுநோய் என்று ஒரு வகை இல்லை. ஆக என் தோழி சட்டத்தின்படி மாற்றுத்திறனாளி அல்லர், ஒழுங்குமுறையின்படி விலக்குக்கு உரியவர் அல்லர், கொரோனா முடிந்துவிட்டதால் பெருந்தொற்று மாணவரும் அல்லர். விதிகளில் இடமில்லை என்று எழுதிய அலுவலர் பொய் சொல்லவில்லை. விதியில் இடமில்லாத ஒன்றை 2020இல் எல்லாருக்காகவும் செய்தோம் என்பதைத்தான் மறைத்தார்.

ஒருவருக்கு அனுமதித்தால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்பது வழக்கமான மறுப்பு. கேட்கட்டுமே. எல்லாருக்கும் கொடுத்து நடத்திய ஈராண்டு நம் கண்முன் இருக்கிறது. போலிச் சான்றுகள் வரும் என்பது இன்னொன்று. உடலில் மருந்தேற்றும் குழாயோடும் புருவமில்லாத முகத்தோடும் வருபவரிடம் சான்றைச் சரிபார்க்கும் கடமையுணர்ச்சி, நேர்காணல் தரகர்களிடமும் கட்டுரை விற்பவர்களிடமும் காட்டப்படுமானால் நம் ஆய்வுத்தரம் எங்கோ போயிருக்கும். நேருக்கு நேர் அமர்ந்து உரையாடுவதே கல்வி என்னும் மூன்றாவது மறுப்பை மதிக்கிறேன். எனக்கும் அதில் உடன்பாடு. ஆனால் அந்த அறையில் இருமும் ஐந்து பேருக்கு நடுவே வெள்ளணு குறைந்த ஒருவரை உட்காரவைப்பது உரையாடல் ஆகாது.

என் பிழையையும் பதிவுசெய்கிறேன். 2020 இறுதியில், சிகிச்சை முடிந்த கையோடு, ஊரடங்குக் காலச் சொற்கள் குறித்து ஒரு பருவக் கட்டுரை எழுதினேன். சமூக இடைவெளி, தனிநபர் இடைவெளி, நுண்கட்டுப்பாட்டுப் பகுதி என்று அட்டவணை போட்டு, சாதிய நினைவு ஏறிய 'தள்ளி நில்' வரை தொட்டு, நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதில் பரேல் நடைபாதை இல்லை, மண்டி மாடி இல்லை, டெம்போ இல்லை. தன்னனுபவம் தரவாகாது என்று நானே நம்பியிருந்தேன். இந்தக் கருத்தரங்க முன்னுரையை எழுதியவர் மீது எனக்குள்ள கோபத்தில் ஒரு பங்கு அன்றைய என்மீதே.

கருத்தரங்கக் குழுவுக்கு என் கட்டுரைச் சுருக்கத்தை நேற்றிரவு அனுப்பிவிட்டேன். மேலே எழுதிய துணைவினைப் பகுதிதான் அதன் கரு. கூடவே ஒரு கேள்வியும் அனுப்பினேன்: பெருந்தொற்றுத் தனிமை குறித்த இக்கருத்தரங்கில் இணையவழிப் பங்கேற்பு உண்டா? காலையில் பதில் வந்தது. நேரடிப் பங்கேற்பு மட்டுமே.

தோழி மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார். அவருடைய ஆய்வுக்குழு வரும் வியாழனன்று கூடுகிறது. அவருக்கு அடுத்த கீமோ அதற்கு எட்டு நாள் முன்பே ஏறியிருக்கும். ஆய்வாளர்களாக அதே நிறுவனத்தில் இருப்போர், துறைத்தலைவருக்கு எழுதும் கடிதத்தில் கையொப்பமிட விரும்பினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். செவ்வாய் மாலைக்குள் வேண்டும்.